இரண்டு பல்லா, மூன்று பல்லா

யேனாவில் நவம்பர் மழை.
மூன்றாம் மாடி இரும்பு அலமாரிக்குள்
ஒரு சொட்டுகூட நுழையக் கூடாது.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

மடித்த காகித உறை. பென்சிலில் ஆண்டு, 1908.
தீவின் பெயரில் பாதியைக்
கப்பலிலேயே உப்பு தின்றிருக்கிறது.
உள்ளே நகக்கண் அளவு பழுப்பு.
ஈரற்பாசி என்று பெயர்,
ஈரம் பார்த்து நூறாண்டு தாண்டிவிட்டது.

நேற்று அந்தத் தீவிலிருந்து கடிதம்:
ஓடையோரச் சரிவில் அலைபேசிக் கோபுரம் வந்துவிட்டது.
மூன்று மழைக்காலம் தேடினோம், இல்லை.
உங்களிடம் உள்ளதன் அடியிலைக்கு
இரண்டு பல்லா, மூன்று பல்லா?

இரண்டென்றால்
இந்த உறைதான் அதன் கடைசி முகவரி.
மூன்றென்றால்
அப்படியொன்று இருந்ததே இல்லை,
யாரும் எதையும் இழக்கவில்லை.

ஊசிமுனையில் எடுத்துக் கண்ணாடியில் வைத்து
ஒரு சொட்டு விட்டேன்.
சுருண்டது நெளிந்தது, விரிந்தது.
பழுப்புக்குள் எங்கிருந்தோ பச்சை.
என் ஈரல்குலை ஒருமுறை ஆடி அடங்கியது.

'உயிரில்லை அது' என்கிறாள் வீப்கே, தலை நிமிராமல்,
'செல்சுவர் குடிக்கிறது. வெறும் பழக்கம்.'

கீழே முற்றத்துச் சாக்கடை வாயில்
இதன் ஒன்றுவிட்ட தங்கை
கொழுத்துப் படர்ந்து கிடக்கிறது.
தோட்டக்காரர் ஹார்ட்விக் வெள்ளிதோறும்
காடி ஊற்றிச் சுரண்டுகிறார்.
வாளி நிறைகிறது.

நான் மறுபடி குனிகிறேன்.
ஒன்று.
இரண்டு.
அதற்கப்பால் ஒரு மேடு,
பல்லா, மடிப்பா, என் இமைமயிரா?

கண்ணாடியின் ஓரத்திலிருந்து
சொட்டு வற்றத் தொடங்குகிறது.