இர

"இர பெனலா ஆவா" என்கிறான்
சாட்சிக் கூண்டில் கடற்படைக்காரன் விதானகே.
முதற் சொல்லிலேயே என் வாய் தட்டிப்போகிறது.

சிங்களத்தில் இர என்றால் கோடு.
சிங்களத்தில் இர என்றால் சூரியனும்தான்.
எங்கள் பக்கம் இரா, இருட்டு.
இர என்று ஒருவனை ஏவினால், போய்ப் பிச்சையெடு.
படகு பிடிபட்டது இராவில்,
கோட்டுக்கு இந்தப் பக்கம்,
சூரியன் வர இரண்டு மணித்தியாலம் முன்னம்.
நீதவான் பேனையைத் தூக்கிக்கொண்டு பார்க்கிறார்.
"எல்லையைப் பாய்ந்து வந்தார்கள்" என்கிறேன்.
பேனை இறங்குகிறது.
சூரியன் கணக்கில் வரவில்லை.

ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் பதினொரு வருஷமாக
ஒரு வாயிலிருந்து இன்னொரு காதுக்குச்
சொல் காவுகிறவள் நான்.
பிறந்தது பாசையூர்.
பாசி பிடித்து வந்த பெயரோ
பாசை பிடித்து வந்த பெயரோ,
கேட்டால் ஆளுக்கொன்று சொல்லுவினம்.

மறைக்கல்விப் புத்தகத்தில்
அந்தக் கோபுரம் ஒரு பக்கம் முழுக்க நின்றது.
ஆண்டவர் இறங்கி வந்து நாக்குகளைக் கலைத்துவிட,
கல் கேட்டவனுக்குச் சாந்து வந்தது,
சாந்து கேட்டவனுக்கு ஏணி.
கோபுரம் நின்றாலென்ன விழுந்தாலென்ன.
அன்றைக்குக் காய்ச்சலென்று
வேலைக்குப் போகாத ஒருத்தி இருந்திருப்பாள்,
அவளைத்தான் நினைப்பேன், அப்போதும் இப்போதும்.
மறுநாள் கஞ்சி குடித்து, தலையைக் கட்டிக்கொண்டு
பழைய ஒரே மொழியோடு வந்திறங்கி
"என்ன நடந்தது?" என்றிருப்பாள்.
ஒருவருக்கும் விளங்கியிராது.
முதல் மொழி முழுசாக அவள் வாயில்,
கேட்கத்தான் ஆளில்லை.
அரைநாள் கூலியை வாங்கவென்றாலும்
எல்லாருடைய உடைசலையும் படித்திருக்க வேணும் அவள்.
எங்கள் உத்தியோகம் அப்படித்தான் தொடங்கியிருக்கும்.

லிகிதர் சிவகடாட்சம் காரைநகர். ஒத்துக்கொள்ளமாட்டார்.
"கோபமுமில்லை கோபுரமுமில்லைத் தங்கச்சி,
ஆடினவன்ரை உடுக்கு.
ஒரு பக்கத் தோலிலை தமிழ், மற்றப் பக்கம் வடமொழி."
"அப்ப சிங்களம்?"
தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்து யோசித்தார்.
"உடுக்கின்ரை இடுப்பிலை கயிறு கிடக்கெல்லே,
அதுவும் ஆடேக்கை ஒரு சத்தம் போடும்."
மிச்ச ஆயிரத்தையும் கேட்க வாயெடுத்தேன்.
வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எதிரிக் கூண்டில் ஆறு பேர், தங்கச்சிமடம்.
கடைசியாள் இன்னாசி, மீசை சரியாக முளைக்கவில்லை.
கழுத்தில் அந்தோனியார் சுரூபம்.
எங்கள் கோயிலும் அவர்தான்.
மனிதர் கேளாத நாளில் மீன்களுக்குப் பிரசங்கம் வைத்தவர்,
செத்தும் நாக்கு அழுகாதவர்.
தலையைத் தூக்கித் தூக்கிக் கேட்டனவாம் மீன்கள்.
எந்தப் பாசையில் என்று சுவாமியாரைக் கேட்டு
அரைமணித்தியாலம் முழங்காலில் நின்றிருக்கிறேன்.

பதினான்கு நாள் விளக்கமறியல்.
கொண்டுபோகிற வழியில் இன்னாசி என் பக்கம் சாய்ந்தான்.
"அக்கா, பதினாலு நாளும் மறியலா?
எந்த ரோட்டுலக்கா உக்காரணும்?"

சிரிப்பு வந்தது. பாதியில் போய்விட்டது.
விதானகே சொன்னதைத் தமிழாக்கினேன்,
நீதவான் சொன்னதைச் சிங்களமாக்கினேன்.
தமிழ் தமிழாகத்தானே போய்ச் சேரும் என்று
இதை மட்டும் விட்டுவிட்டேன்.
"சிறை" என்றேன்.
அது உடனே விளங்கியது அவனுக்கு.

பின்னேர பஸ். பண்ணைப் பாலத்தில்
சூரியன் சாய்ந்து, தண்ணீர் மேல் நீளமாய் ஒரு கோடு
என் யன்னல் வரைக்கும்.
இர, என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.
"கண் கூசுதக்கா, அந்தச் சீலையை இழுத்துவிடுங்கோ"
என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

இழுத்துவிட்டேன்.