நாக்கின் நடுவே

வாயை மூடிப் பார்க்க வேண்டும்.
திறந்திருந்தால் எல்லா மீனும் பெருவாயன்தான்.
மூடியபின் தாடை கண்ணைத் தாண்டினால்
பெருவாய் பாஸ்.
கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் புள்ளி பாஸ்.
இது வெர்லீன் போடும் கணக்கு.

நான் கட்டைவிரலை உள்ளே விட்டு
நாக்கைத் தடவுகிறவள்.
நடுவில் உப்புக்காகிதம்போல் சொரசொரத்தால் புள்ளி,
ஐஸ் பெட்டிக்குள் போகலாம்.
வழுவழுவென்றிருந்தால் பதினைந்து அங்குலம் தேற வேண்டும்,
இல்லையென்றால் தண்ணீருக்கே.

வடக்கு அலபாமா. அணை கட்டித் தேக்கிய ஏரி.
பழைய சாலை அப்படியே நீருக்குள் இறங்கிப் போகிறது,
நடுவில் மஞ்சள் கோடு கூட இருக்கிறது
முதல் நான்கடிக்கு.
அக்டோபரில் புள்ளிகள்
பாறைச் சரிவில் இருபதடி ஆழத்தில் கும்பலாய் நிற்கும்.
பெருவாய் தனியாள்:
விழுந்த மரத்தின் நிழலில்
யாரையும் நம்பாமல்.

படகு வெர்லீனின் தம்பியுடையது.
அதாவது என் முன்னாள் கணவனுடையது.
விவாகரத்துத் தாளில் வீடு இருந்தது, நாய் இருந்தது,
மைக்ரோவேவ் கூட இருந்தது.
படகை எழுத மறந்துவிட்டார்கள்.
அவன் டெக்சஸ் போனான்.
நானும் என் நாத்தனாரும் சனிக்கிழமைகளில் ஏரிக்கு வருகிறோம்.
நாத்தனார் என்று இன்னும் சொல்லலாமா, தெரியவில்லை.

அன்று பனி விலகாத ஏழு மணி.
ஈயக்குண்டு பாறையைத் தட்டித் தட்டி
என் முழங்கை வரை சேதி அனுப்பிக்கொண்டிருந்தது.
பிறகு சேதி நின்றது.
அதுதான் கடி.

புள்ளியானால் ஆழத்தை நோக்கி முக்கும்.
பெருவாய் மேலே துள்ளித் தலையை உதறும்.
இது முக்கியது. பிறகு
யாரோ ஞாபகப்படுத்தியதுபோல் துள்ளியது.

பதின்மூன்றரை அங்குலம்.
வெர்லீன் வாயை மூடினாள்: தாடை கண்ணைத் தாண்டியிருந்தது,
ஓர் அரிசி அளவு.
நான் நாக்கைத் தொட்டேன்: சொரசொரப்பு.
முதுகுத் துடுப்பு இரண்டும் ஒட்டியிருக்கிறது என்றேன்.
கிழிந்திருக்கிறது, கண்ணாடி போடு என்றாள்.
வயிற்றுப் புள்ளிகளோ பாதிவரை ஒழுங்காக வந்து
பிறகு வரி தவறின,
பாடம் எழுதியபடியே தூங்கிப்போன பிள்ளையின் நோட்டுபோல.

மீன்துறை அதிகாரி ரோஸலிண்ட் டீக்
என்ஜினை அணைத்துவிட்டு மிதந்து வந்தாள்.
படகு யார் பேரில் என்றாள்.
வெர்லீன் சொன்னாள்.
நீங்கள் இருவரும் என்ன உறவு?
ஒரே நேரத்தில் வாய் திறந்தோம்,
வேறு வேறு பதில்.

அவள் மீனை வாங்கினாள்.
வாயை மூடினாள், திறந்தாள்,
கையுறையைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலை விட்டாள்.
"சில பெருவாய்க்கும் நாக்கில் பல் உண்டு.
சிலது கலந்தும் பிறக்கும்."
புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்றேன்.
"புத்தகத்தில் எல்லாம் பக்கவாட்டில் ஒழுங்காக நிற்கும்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
மீனின் செவுள் மட்டும் திறந்து திறந்து மூடியது.
"இது பெட்டிக்குள் போனால் நான் ஒரு பேர் எழுதியாக வேண்டும்" என்றாள்.
விட்டோம்.
என் விரல்களின் நடுவே ஒரு நொடி நின்றது,
பிறகு மஞ்சள் கோட்டின் மேலாகவே
சாலை வழியே போனது.

மிச்சம் நான்கு, சந்தேகமில்லாத புள்ளிகள்.
வண்டியின் பின்கதவை இறக்கி அடுப்பு வைத்தோம்.
தோல் நீக்கி, நடுவில் ஓடும் சிவப்புக் கோட்டை வெட்டியெறிந்து,
சோளமாவு, உப்பு, மிளகாய்த்தூள்,
புகையத் தொடங்கும் கடலையெண்ணெய்.
பெருவாயில் பாசி வாடை தங்கும்,
புள்ளிதான் சுத்தம் என்பாள் வெர்லீன்.
போன வருடம் அவள் கண்ணைக் கட்டிச் சோதித்தேன்.
மூன்றுமுறையும் தப்பு.
இன்னும் அதையேதான் சொல்கிறாள்.

"அவளிடம் நீ என்ன சொன்னாய்?" என்று கேட்டாள்,
துண்டுகளைத் திருப்பிக்கொண்டே.
"நீ என்ன சொன்னாய்?"

எண்ணெய் படபடவென்று வெடித்ததில்
எதுவும் காதில் விழவில்லை.
இரண்டாம் முறை நான் கேட்கவில்லை.
உப்பு போதாது என்றேன்.
போதும் என்றாள்,
இன்னும் கொஞ்சம் தூவினாள்.