ஏழாம் எண் படகின் ஆன்டெனா

பைக்காராவில் வெயில் சுடாது.
ஆனால் உரிக்கும்.
ஒன்பது வருஷம் உரித்ததில்
ஏழாம் எண் மீட்புப் படகின் ஆன்டெனாவுக்கு
மயிர் முளைத்துவிட்டது.
வெள்ளைப் பூச்சு போய்
கண்ணாடி இழை இழையாய்
சிலிர்த்த பூனை முதுகுபோல் நிற்கிறது.

ஏறும்போது எல்லோரும் இதைத்தான் பிடிக்கிறார்கள்.
பிடிக்காதே என்று எழுதி ஒட்டினேன்.
அதைப் படிக்கக் குனிகிறவர்கள்
விழாமலிருக்க
அதையே பிடிக்கிறார்கள்.

கழற்றி வந்து மேசையில் கிடத்தினேன்.
அது ஆறடி. மேசை நாலடி.
மீதி இரண்டடி ஜன்னலுக்கு வெளியே
தூறலில் நனைந்துகொண்டிருந்தது.

உலர்வாகத் தேய்க்கக் கூடாது, தூள் மூச்சில் ஏறும்.
ஒரு வாளித் தண்ணீர், நானூறாம் நம்பர் தாள்,
கையுறை, இடது கைக்கு மட்டும்.
எங்கள் ஸ்டோரில் எப்போதும் இடது கைதான் இருக்கும்.
தேய்க்கத் தேய்க்க
அரிசி களைந்த தண்ணீர்போல் வழிந்தது.
உள்ளே ஒரு செம்புக் கம்பி உண்டு.
இத்தனை வருஷமும் பேசியது அதுதான்.
நான் அதைப் பார்த்ததில்லை.
பார்த்தால், தேய்த்தது அதிகம் என்று அர்த்தம்.

படகோட்டி ஜோகி சில்வர் பெயின்ட் கொண்டுவந்தான்,
மாமனார் வீட்டு கேட்டுக்கு அடித்த மீதி.
"பளபளன்னு இருக்கும்க்கா."
வேண்டாம், அதில் உலோகத் தூள்,
குரலை விழுங்கிவிடும் என்றேன்.
டப்பாவைக் காதருகே குலுக்கிப் பார்த்தான்,
உள்ளே ஏதும் குரல் கிடக்கிறதா என்று.

எபாக்சி பூசினேன்.
காய இருபது டிகிரியாவது வேண்டும்.
ஆடி மாதத்துப் பைக்காராவில் இருபது டிகிரி
பியாரிஜான் கடை பஜ்ஜி அடுப்புக்கு மேலே மட்டும்தான்.
எண்ணெய்ப் புகை ஒட்டாமல்
பழைய பிவிசி குழாய்க்குள் நுழைத்து
உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டோம்.
மூன்று நாள்
மிளகாய் பஜ்ஜி தின்ன வந்தவர்கள்
அண்ணாந்தபடி தின்றார்கள்.
வாடகை கேட்டாள் பியாரிஜான்.
ஒரு டீ கூடுதலாகக் குடித்தேன்.

நாலாம் நாள் வெள்ளை அடித்து, மறுநாள் பொருத்தி,
இணைப்பில் ரப்பர் டேப் சுற்றி
மீட்டரை வைத்தேன். முள் ஒன்றரையைத் தாண்டவில்லை.

ஜோகி மூடுபனிக்குள் ஓட்டிப் போனான்.
முதலில் படகு மறைந்தது.
பிறகு மோட்டார் சத்தம்.
பிறகு அவன் கிளப்பிய அலையும்
கரைக்கு வந்து முடிந்துபோனது.

"ஏழு, ஏழு. கேக்குதா?"

கரகரப்பு.
அப்புறம், பக்கத்தில் நிற்பவன்போல:
"கேக்குதுக்கா. இங்க ஒரு கடமான் தண்ணி குடிக்குது.
மெல்லப் பேசுங்க."

மெல்லப் பேசினேன்.

வலது கட்டைவிரலில் ஓர் இழை இன்னும் இருக்கிறது.
கண்ணுக்குப் படாது, ஊசிக்கும் வராது.
பேசும் பொத்தானை அழுத்தும்போதெல்லாம்
குத்துகிறது.