ஈரம்

கொப்பியில் எல்லாம் ஒழுங்கு.
நீலத்தில் திகதி, சிவப்பில் இலக்கம்,
அடிமட்டம் வைத்துக் கோடு.
பதினெட்டு வருடம் கூட்டுறவுச் சங்கத்தில்
ஐந்து சதம் பிசகாமல் கணக்கெழுதிய கை.

அந்தக் கைதான்
மாசியில் ஒரு விடியற்காலை
இருநூற்று நாற்பத்தொன்றை
நூற்று நாற்பத்தொன்று என்று எழுதியது.

முதல்நாள் இரவு கட்டாரிலிருந்து தம்பி கோல் எடுத்தான்.
காணிக் கதைதான்.
எனக்குச் சத்தம் போட வராது.
"சரி, சரி" என்றேன்.
போனை வைத்துவிட்டுக் குசினியை
இரண்டு தரம் கழுவினேன்.
சோறும் தொடவில்லை, சீனியும் தொடவில்லை.
காலையில் விரலைக் குத்தினால்
அந்த எண்.

களவெடுத்துப் பிடிபட்டதுபோலக் கூசியது.
யாரும் பார்க்கவில்லை, விளக்குக்கூடப் போடவில்லை,
ஆனாலும்.
இரண்டை ஒன்றாக்கினேன்.
பிறகு அது பழகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை.
சம்மாந்துறை ஆஸ்பத்திரி, கிளினிக் வாங்கு.
பக்கத்தில் ஆதம்பாவா,
நெல் ஸ்டோரில் தராசு பிடிப்பவர்.
அவருக்குக் கொப்பியே இல்லை.
போன முறை எண்ணை பஸ் டிக்கட்டின் பின்னால் எழுதி
அதையும் தொலைத்துவிட்டுச் சிரித்தவர்.
அவரைக் கண்டால் எனக்கு எரிச்சல்.
கொஞ்சம் பொறாமையும்.

இன்றைக்குச் சிரிப்பில்லை.
"மழைக்குள்ள நனைஞ்ச நெல்ல வாங்கிப் போட்டாரு முதலாளி.
இப்ப காயவெச்சாப் பொறகு
நாலு மூட்டை குறையுதாம்,
தராசு பொய்யாம், நான் கள்ளனாம்.
நெல்லுக்குள்ள கிடக்கிற ஈரத்தையும் சேத்துத்தானே புள்ள
தராசு நிறுக்கும்?
அதுக்கென்ன தெரியும், எது நெல்லு, எது தண்ணி?"

அவர் நெல்லைத்தான் சொன்னார்.
சொல்லிவிட்டுக் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்து
மருந்துச் சீட்டைத் தேடத் தொடங்கினார்,
எந்தப் பொக்கெட்டிலும் இல்லை.

நான் சிவப்புப் பேனையை எடுத்தேன்.
மாசி பதினொன்று: ஒன்றை வெட்டி இரண்டு.
அடிமட்டம் கொண்டுவரவில்லை,
கோடு கோணலாய்ப் போனது.
மாசி பத்தொன்பது. தம்பி மறுபடி கோல் எடுத்த நாள்.
மாசி இருபத்தாறு. அவன் எடுக்காத நாள்,
எடுப்பானோ என்று கிடந்த நாள்.

பங்குனி பாதிக்கு வந்திருப்பேன்.
"நாப்பத்தேழு, வசந்தமலர்!"

தாதி மிஸ் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.
"எப்பவும் வடிவா எழுதுவீங்களே,
இதென்ன ஒரே வெட்டு?"

"ஈரம் மிஸ்" என்றேன்.

அவவுக்கு விளங்கவில்லை.
வரிசையை ஒருக்கால் எட்டிப் பார்த்தா.
பேனையை மூடி மேசையில் வைத்தா.
"இருங்க" என்றா.