மாவு உப்பும் வரை

விடிகாலை இரண்டு பத்துக்கு
ரோஸ் ஹில்லில் விழித்திருப்பவை மூன்று:
பேருந்து நிலையத்து நாய், என் அடுப்பு, நான்.
கெர்வினையும் சேர்க்கலாம்,
ஆனால் அவன் நின்றுகொண்டே தூங்குவான்.

பிசைந்து, வெட்டி, உருட்டி,
துணி மூடிப் படுக்கவைத்தபின்
நாற்பது நிமிடம்.
அது மாவுக்குச் சொந்தமான நேரம்,
யாரும் அவசரப்படுத்த முடியாது.
அதில் இருபத்தைந்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கை கழுவ வேண்டும். இருமுறை.
மாவு ஒட்டிய விரலைத் திரை ஏற்பதில்லை.
தொடக்கத்தில் அது தெரியாமல் தட்டித் தட்டிப் பார்த்து
பழுதென்று கடைக்குக் கொண்டுபோனேன்.
அந்தப் பெண் துடைத்துத் தந்தாள்:
"ஒன்றுமில்லை முசியே, ரொட்டிதான்."

டேப்லெட் மகளுடையது.
மாலை நாலு முதல் பூவணியின் பாடங்கள்.
ஏழு முதல், இரவுப் பணி இல்லாத நாட்களில்,
விஜயந்தி தன் தங்கையின் முகம் பார்த்துப் பேசுவாள்,
மெல்போர்னில் அப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும்,
இருவருக்கும் கவலையில்லை.
எனக்கு, யாருக்கும் வேண்டாத இந்த இருட்டு.
குறை சொல்லவில்லை.

மச்சான்தான் விடமாட்டான்.
"இந்தக் கை மாவுக்கா?
எபேனில் கண்ணாடிக் கட்டடத்தில்
ஏசி போட்டு உட்கார்ந்து வரையலாமே."
அவனுக்கு எப்படிச் சொல்வது,
அடுப்புக் கதவு திறந்து அந்த மணம் முகத்தில் அறையும்போது
இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட
வேறெங்காவது இருந்திருக்கலாம் என்று தோன்றியதில்லை என்று.
ஐந்தரைக்கு முதல் ஆள், கரும்பு லாரி ஓட்டுபவர்,
காசு கொடுக்குமுன் ரொட்டியைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்.
அதை வரைய முயன்றிருக்கிறேன்.
பதினொரு முறை. வரவில்லை.

காவடிக்கு முன் கோயில் சங்கத்தார் கேட்டார்கள்,
பேனருக்கு ஒரு முருகன்.
விரதம் பத்து நாள்.
ஹாம் வைத்த பண்டங்களைக் கெர்வினிடம் விட்டேன்.
"வாசம் பிடித்தால் உங்கள் சாமி கோபிப்பாரா?" என்கிறான்.
சாமியைவிட விஜயந்தி, என்றேன்.

மயில் மூன்றாம் இரவே வந்துவிட்டது.
வேல் வந்தது. முகம் மட்டும்
வேகாத பன் மாதிரி வெள்ளையாய் உட்கார்ந்திருந்தது.
ஏழாம் இரவு, எதையும் எண்ணாமல்,
விரல் போன வழியில் நான் போனேன்.

காலையில் கான்டோஸ் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள்
செருப்பைக் கழற்றாமலே பார்த்தாள்.
"இது உன் கடைப் பையன் ஆச்சே."

ஆமாம்.
இடப்புருவத்தில் பாதி இல்லை,
போன டிசம்பரில் அடுப்பு எடுத்துக்கொண்ட பாதி.

அழிப்பதற்கு ஒரு தட்டு போதும்.
அழிக்கவில்லை. மேலே தனி அடுக்கு திறந்து
அதில் ஒரு முழுப்புருவம் வரைந்து அனுப்பினேன்.
அரோகராவுக்கு றகரம் போட்டிருந்தேன்,
பூவணி பள்ளிப் பையோடு நின்றபடி திருத்தினாள்,
"அப்பா" என்ற ஒரு சொல்லில்
நாலைந்து சொற்களைச் சொல்லி.
சங்கத்தார் மகிழ்ந்தார்கள். புருவம் நன்றாக இருக்கிறதாம்.

பத்தாம் நாள்.
கோர் த கார்த் மலைக்கோயில் படிக்கட்டில்
தோளில் காவடி, நாக்கில் வேல்,
தார் ரோட்டின் சூடு இன்னும் பாதத்தில்.
கெர்வின் லீவு நாளிலும் வந்திருந்தான்,
எலுமிச்சைத் தண்ணீர் ஊற்றும் கூட்டத்தோடு.
பேனரை அண்ணாந்து வெகுநேரம் பார்த்தான்.
"முசியே, இவரை எங்கோ பார்த்திருக்கிறேன்."

நாக்கில் வேல் இருந்தது.
பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

மறுநாள் இரண்டு பத்து.
துணிக்கடியில் மாவு மூச்சு விடுகிறது.
கழுவிய விரலால்
அந்தப் புருவ அடுக்கின் பக்கத்திலிருக்கும்
சின்னக் கண்ணைத் தட்டி மூடுகிறேன்.
பாதிப் புருவத்தோடு அவர் என்னைப் பார்க்கிறார்,
தூக்கக் கலக்கமாய்,
இன்னும் எத்தனை தட்டு மிச்சம் என்று கேட்பதுபோல்.

"முசியே, மாவு!"
வருகிறேன்.