உபயோகத்தில் உள்ள சட்டை

பத்து நாள் குதிக்கக் கூடாது என்றார் மருத்துவர்.
பூனைக்கு யார் சொல்வது?
மெத்தையை இழுத்துத் தரையில் போட்டாள் தாக்னி.

காலை பதினொன்று. ஈசாஃபியோர்தூரில் இன்னும் விடியவில்லை.
கழுத்துப் புனலோடு
கதவை முட்டிச் சண்டைக்கு நின்றது ஸ்கோட்டா.
கழற்றினால் தையலை நக்குகிறது.

ஸ்டெய்னார் விட்டுப்போன நீலச் சட்டையில்
ஒரு கையை வெட்டி
நாலு ஓட்டை போட்டு மாட்டிவிட்டாள்.
மணிக்கட்டுப் பொத்தான் இப்போது கழுத்தில்.
இரண்டடி நடந்து, சாய்ந்து விழுந்து,
தள்ளிவிட்டது நீதான் என்பதுபோல் முறைத்தது.

மீன்விழுதில் ஒளித்த மாத்திரை
தட்டில் தனியே கிடந்தது,
கழுவி வைத்த மாதிரி.

மாலை அவன் கூப்பிட்டான்:
"என் நீலச் சட்டை அங்கேயா இருக்கிறது?"
"இருக்கிறது. ஆள் உள்ளே தூங்குகிறாள்."

வைத்த பிறகுதான் நினைவு வந்தது:
இன்னொரு கை மிச்சம்.
துவைத்து மாற்ற ஆகும்.