காலாற

இரவு ஒன்று நாற்பதுக்கு
மேலமாசி வீதி தெற்குமாசியில் முட்டும் முக்கில் வைத்து
என்று ஆரம்பிக்கச் சொன்னார் எஸ்.ஐ.
பெயர் வீரணன். வயது ஐம்பத்திரண்டு.
சிம்மக்கல்லில் பரோட்டா மாஸ்டர்.
வீடு அனுப்பானடி.
கைவசம் இருந்தவை: ஒரு துண்டு,
நானூற்றைம்பது ரூபாய்,
சூடாக ஒரு சால்னாப் பொட்டலம்.

‘சிம்மக்கல்லுலருந்து அனுப்பானடிக்கு
மேலமாசி வீதி எதுக்குடா?’

‘சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கல்லு முன்னால நின்னது சார்.
இப்பத்தான் நகந்தேன்.
காலாற ஒரு நடை…’

‘திரிந்துகொண்டிருந்த நபர்னு போடுங்க ரைட்டரம்மா.’

பதினோரு வருஷமாகப் போட்டிருக்கிறேன்.
சந்தேகத்திற்கிடமான வகையில்,
அகால வேளையில்,
திரிந்துகொண்டிருந்த.
விரல் தானாகத் தட்டும்.
முதல் இரண்டையும் தட்டிவிட்டு
மூன்றாவதில் நின்றுவிட்டது.

எதிர்த்த கடையில் பால் ஆற்றுகிற சத்தம்.
ஆறினால் குடிக்கலாம்.
திரிந்தால் சாக்கடையில் கொட்டவேண்டியதுதான்.
ஒரே பால்.

இதே வீதியில் சாமி வந்தால் அது உலா.
சப்பரம் இந்த முக்கில் திரும்ப அரைமணி நேரம் ஆனாலும்
எதுக்கு இந்த வழி என்று
யாரும் கேட்டதில்லை.
டாக்டர் சொல்லி ரேஸ்கோர்ஸில் கைவீசுகிறவர்
வாக்கிங் போகிறார்.
ஜவுளி எடுக்க வந்து மசால்வடையைக் கடித்தபடி
கூட்டத்தை அடைக்கிறவர்கள்
பராக்குப் பார்க்கிறார்கள்.
பஸ் காசை மிச்சம் பிடிக்கிறவருக்குப் பொடிநடை.

‘எங்கடி லாந்திட்டு வர்ற?’
எனக்கு அம்மா கொடுத்தது இது ஒன்றுதான்.
டைப்பிங் கிளாஸ் விட்டு
வெங்கலக்கடைத் தெரு வழியாக,
பித்தளைக் குடம் குடமாக என் முகம்
வீங்கி, நெளிந்து, சிறுத்துப் போவதைப்
பார்த்துக்கொண்டே வந்ததற்கு.

காக்கி போட்ட பிறகு
இதே வீதிகளில் இதே நேரத்தில்
எத்தனையோ தடவை நடந்துவிட்டேன்.
அதன் பெயர் ரோந்து.
ரோந்து போன கால் ஆறாது,
பூட்ஸைக் கழற்றினால் வீங்கியிருக்கும்.

உலாவிக்கொண்டிருந்த
என்று அடித்துப் பார்த்தேன்.
எனக்கே சிரிப்பு வந்தது,
சால்னாப் பொட்டலத்தோடு ஒரு பாட்டுடைத் தலைவன்.
அழித்தேன்.
மெல்ல நடந்துகொண்டிருந்த.
மெல்ல எதுக்கு, எந்தக் கடைப் பூட்டை நோட்டம் பார்க்க
என்பார் எஸ்.ஐ.
அதையும் அழித்தேன்.
வேகமாக நடந்திருந்தால்
போலீசைக் கண்டு ஓடப் பார்த்தவன்.

எந்த வேகத்தில் நடந்தால்
ஒரு மனுஷன்
சும்மா நடக்கிறான்?

கடைசியில்
பணி முடிந்து வீட்டிற்கு நடந்து சென்ற
என்று வைத்தேன்.
பொய் இல்லை. ஆனாலும் அது அவர் சொன்னதில்லை.
அவர் சொன்ன சொல்லுக்கு
எங்கள் நோட்டில் இதுவரை வேலை வந்ததில்லை.

எஸ்.ஐ. படித்தார்.
‘அப்ப எதுக்குய்யா பிடிச்சோம்?’
என்னைக் கேட்டாரா
தன்னையே கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை.
கொட்டாவி விட்டார்.
போகச் சொன்னார்.

நாலு மணி.
அதுவரை வீரணன் நின்றுகொண்டேதான் இருந்தார்.
சுவரோரம் பெஞ்சு காலியாகக் கிடந்தது.
உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை,
சொல்லுக்குச் சொல் பார்த்துக்கொண்டிருந்த
நானும்.

பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தார்.
அது மட்டும் ஆறியிருந்தது.

படியிறங்கி
எந்தப் பக்கம் என்று ஒரு நொடி தயங்கினார்.
பிறகு நேர்வழியில்
துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
விறுவிறுவென்று போனார்,
பார்க்கிறவர்களுக்கு
எதையோ எடுத்துக்கொண்டு ஓடுகிறவர் மாதிரி.